சொல்லியும் சென்றடையாத சொல்



வசந்தம் என்றதும் தளிரும் தென்றலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வட அமெரிக்காவின் பேரேரிகளை அடுத்து வாழும் மக்களுக்கு அதே வசந்தம் வானத்தை அச்சத்தோடு அண்ணாந்து பார்க்கும் காலமாகவும் இருக்கின்றது. சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்டாரியோ என்னும் அந்த ஐந்து ஏரிகளும் மறுகரை காணாத நன்னீர்க் கடல்கள். அவற்றின் தென்புறத்து மாநிலங்கள் கண்ட வசந்தகாலப் புயல்களின் வரலாற்றில் நம் குடும்பங்களுக்கும் ஒரு பாடம் உண்டு.

மார்ச் முதல் ஜூன் வரை, தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று வடக்கு நோக்கி ஏறி வருகின்றது. கனடாவின் குளிர்ந்த, உலர்ந்த காற்று தெற்கு நோக்கி இறங்குகின்றது. இவ்விரண்டும் எதிர்ப்படும் இடத்தில், மேலே வானுயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டமும் சேர்ந்துகொண்டால், இடிமேகங்கள் சுழலத் தொடங்குகின்றன. அவற்றுள் சிலவற்றிலிருந்து டொர்னேடோ எனப்படும் சுழற்காற்று யானையின் துதிக்கை போல் தரையைத் தொடுகின்றது. நம் கடற்கரைப் புயலோ பல நாள் முன்னரே தன் வரவை அறிவித்து நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் வீசுவது. இதுவோ சில நிமிடங்களில் ஒரு தெருவைத் துடைத்தெறிந்து, அடுத்த தெருவைத் தொடாமலே சென்றுவிடும்.

“ஏரி நம்மைக் காக்கும்” என்று கரையோர மக்களிற் பலர் நம்பியதுண்டு. வசந்தத்தில் ஏரிநீர் இன்னும் குளிர்ந்திருப்பதால் கரையை ஒட்டிச் சில வேளைகளில் புயலின் வலு குறைவது மெய்யே. ஆயினும் 1956 ஏப்ரல் 3 அன்று, மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹட்சன்வில் ஊரை மிகக் கொடிய வகைச் சுழற்காற்று தாக்கியது. 1998 மே 31 அதிகாலையில் ஒரு பெரும் புயல்வரிசை அந்த ஏரியையே கடந்து சென்று மறுகரையைத் தாக்கியது. ஏரி அரண் அன்று. நம்பிக்கை மட்டும் கூரையைத் தாங்காது.

இந்த வரலாற்றில் நம் கருத்தைக் கவர்வது காற்றின் வலிமையைவிடச் சொல்லின் கதையேயாகும். 1880-களின் இறுதியிலிருந்து 1938 வரை, அமெரிக்க வானிலைத் துறையின் முன்னறிவிப்புகளில் “டொர்னேடோ” என்ற சொல்லே தவிர்க்கப்பட்டது. மக்கள் பீதியடைவர் என்பதே காரணம். 1948-இல் ஓக்லஹோமாவில் இரு இராணுவ வானிலையாளர்கள் துணிந்து முன்னறிவித்தது பலித்தது. அதன் பின்னரே இத்துறை வளர்ந்தது. எனினும் 1953 ஜூன் 8 மாலையில், மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரையடுத்த பீச்சர் பகுதியில் ஒரே சுழற்காற்று 116 உயிர்களைப் பறித்தது.

பின்னர் வந்தது 1965 ஏப்ரல் 11. அன்று குருத்து ஞாயிறு. நீண்ட குளிருக்குப் பின் கிடைத்த இதமான பகற்பொழுது. மக்கள் ஆலயத்திலிருந்து திரும்பி, வெளியில் உலாவிக்கொண்டிருந்தனர். பிற்பகல் தொடங்கி நள்ளிரவு வரை ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ ஐம்பது சுழற்காற்றுகள் வீசின. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியானா மாநிலத்தவர். அம்மாநிலத்தின் டன்லப் என்ற ஊருக்கருகே, வண்டி வீடுகளில் மக்கள் வாழ்ந்த குடியிருப்பொன்றை இரட்டைத் தூண்களாய் வந்த காற்று தாக்கியது. அக்காட்சியைப் பால் ஹஃப்மன் என்ற செய்தியாளர் எடுத்த நிழற்படம் இன்றும் நெஞ்சை நடுங்க வைக்கின்றது.

அன்று முன்னறிவிப்பு இல்லாமற் போகவில்லை என்பதுதான் துயரம். வானிலைத் துறை சொல்லியிருந்தது. ஆனால் “வரக்கூடும்” என்ற முன்னறிவிப்புக்கும் “வந்துவிட்டது, ஒளிந்துகொள்ளுங்கள்” என்ற எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு மக்களிற் பலருக்கு விளங்கவில்லை. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் அறுந்த இடங்களில் எச்சரிக்கை போய்ச் சேரவேயில்லை. சொல்லப்பட்டது, சென்றடையவில்லை.

அதன் பின்னர் சொற்கள் திருத்தப்பட்டன. “கவனித்திருங்கள்” என்பது ஒரு நிலை, “எச்சரிக்கை” என்பது மற்றொரு நிலை எனத் தெளிவாக வகுக்கப்பட்டது. வானத்தை நோக்கியிருந்து உடனே தெரிவிக்கும் தன்னார்வத் தொண்டர்கள் ஊர்தோறும் பயிற்றுவிக்கப்பட்டனர். 1980 மே 13 அன்று மிச்சிகனின் கலமசூ நகரின் நடுவே சுழற்காற்று புகுந்து சென்றபோது மாண்டோர் ஐவர். ஐந்து உயிரும் அரியவையே. ஆயினும் ஒரு நகரின் நடுவே நேர்ந்திருக்கக்கூடிய அழிவை எண்ணினால், முன்கூட்டியே ஒலித்த சங்கின் பயன் தெரியும்.

பீச்சருக்குப் பின் ஐம்பத்தெட்டு ஆண்டுகள், ஒரே சுழற்காற்று அந்நாட்டில் நூறு பேரைக் கொன்றதில்லை. 2011 மே 22 அன்று ஏரிகளுக்கு வெகு தெற்கே, மிசூரி மாநிலத்து ஜாப்ளின் நகரில் அந்நிலை மாறியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சங்கு ஒலித்தது. அடிக்கடி கேட்டுப் பழகிய ஒலியாதலால் பலர் முதல் ஒலிக்கே அசையாது, வேறோர் அறிகுறியை எதிர்நோக்கி நின்றனர் என்று பின்னர் ஆய்ந்தோர் கண்டனர்.

குருத்து ஞாயிறன்று நேர்ந்தமையால் அது இறைவனின் தண்டனையோ என்று கேட்பாரும் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மரும் மற்றவரினும் பெரும் பாவிகள் அல்லர் என்று ஆண்டவரே கூறியிருக்க, நாம் அவ்வாறு தீர்ப்பிடத் துணியலாகாது. காற்று ஏன் வந்தது என்பதற்கு வானிலை நூல் விடை கூறும். அடுத்த வீட்டாருக்கு அது தெரிந்திருந்ததா என்பதற்கு நாம்தான் விடை கூற வேண்டும்.

நம் துறைமுகங்களிலும் புயற்கூண்டு ஏற்றப்படுகின்றது. அதன் எண்ணை வானொலியில் கேட்கிறோம். அந்த எண்ணின் பொருள் நம் இல்லத்தாரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் தெருவில் தனித்து வாழும் மூதாட்டிக்கும், செவிப்புலன் குன்றிய பெரியவருக்கும், நேற்றுத்தான் குடிவந்த ஏழைக் குடும்பத்துக்கும் அதனைச் சொல்பவர் யார்? இவ்வார இறுதிக்குள் ஒவ்வொரு குடும்பமும் அத்தகைய ஒரு வீட்டைக் குறித்துக்கொள்ளட்டும். புயல் அறிவிக்கப்படும் நாளில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது நம் பொறுப்பு என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போமாக.