கேள்வி ஞானம் மட்டும் போதுமா?

நம்மவர்களிடையே ஓர் இசைக்கலைஞருக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய பாராட்டு எது? “யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, எல்லாம் கேள்வி ஞானம்தான்” என்பதே. ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டுவிட்டு அப்படியே வாசித்துக் காட்டும் மாணவனைப் பார்த்து நாம் வியக்கிறோம். வியப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள் இன்னொரு கருத்தும் ஒளிந்திருக்கிறது. படித்துத் தெரிந்துகொள்பவனுக்கு இயற்கைத் திறமை குறைவு என்பதே அது. இந்த எண்ணம் நம் பல்கலைக்கழக இசைக்குழுக்களைப் பின்னுக்கு இழுக்கிறது என்பது என் கருத்து. அதிலும் பாஸ் கிட்டார் வாசிப்பவர்களை அது வெகுவாகப் பாதிக்கிறது.

பாஸ் கிட்டாரை மட்டும் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நம் கலை இரவுகளுக்குக் குழு அமைக்கும்போது நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாடுவதற்குப் பத்துப் பேர் முன்வருவார்கள். கீபோர்டுக்கும் தபலாவுக்கும் ஆள் கிடைத்துவிடும். கிட்டார் வாசிப்பவர்கள் இருவர் இருந்தால், அவர்களில் சற்றுக் குறைவாக வாசிப்பவரின் கையில் பாஸ் கொடுக்கப்படும். “நான்கு கம்பிதானே, சமாளித்துக்கொள்” என்பதே அவருக்குக் கிடைக்கும் பயிற்சி. ஆளே கிடைக்காவிட்டால் கரோக்கே இசையை ஓடவிட்டுப் பாடிவிடுகிறோம்.

உண்மையில் அந்த நான்கு கம்பிகளின் பொறுப்பு பெரிது. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கீபோர்டில் ஒருவர் சி, ஈ, ஜி ஆகிய மூன்று சுரங்களையும் சேர்த்து அழுத்துகிறார். இப்படிப் பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பதைக் கோர்டு என்கிறோம். இது சி மேஜர் கோர்டு. பாஸ் வாசிப்பவர் அடியில் சி வாசித்தால் அது சி மேஜராகவே நிற்கும். அவர் ஏ வாசித்துவிட்டால் என்ன ஆகும்? கீபோர்டு வாசிப்பவரின் விரல்கள் அசையவே இல்லை. ஆனாலும் கேட்பவர் காதில் விழுவது ஏ மைனர் செவன் என்னும் வேறொரு கோர்டு. துள்ளலாக இருந்த இடத்தில் மெல்லிய சோகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெரிந்து செய்தால் இது கற்பனை வளம். தெரியாமல் செய்தால் குழுவில் உள்ள மற்ற நால்வரின் உழைப்பும் குலைந்துபோகும். காது நன்றாக இருப்பவர் ஏதோ சரியில்லை என்று உணர்வார். ஏன் சரியில்லை, எந்தச் சுரத்தை மாற்றினால் சரியாகும் என்பதைச் சொல்லிக்கொடுப்பது இசைக்கோட்பாடுதான்.

அப்படியானால் நம் மாணவர்கள் ஏன் அதைக் கற்கவில்லை? சோம்பல் என்று ஒரு சொல்லில் முடித்துவிடக் கூடாது. நம் நாட்டில் மேற்கத்திய இசைக்கோட்பாடு பெரும்பாலும் பியானோ வகுப்பின் வழியாகவே பிள்ளைகளைச் சென்றடைகிறது. இங்கிலாந்தில் 1889-இல் தொடங்கப்பட்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம். வாரியத்தின் எட்டு நிலைத் தேர்வுகள் நமக்கெல்லாம் தெரிந்தவை. அவ்வாரியத்தின் வாத்தியத் தேர்வில் ஆறாம் நிலைக்குச் செல்ல விரும்பும் பிள்ளை, ஐந்தாம் நிலைக் கோட்பாட்டுத் தேர்விலோ அதற்கு ஈடான ஒன்றிலோ முதலில் தேறியிருக்க வேண்டும். ஆகவே பியானோ படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியை முடிப்பதற்குள் கோட்பாட்டின் அடிப்படையைக் கற்றுவிடுகிறது. தோட்டப்புறத்திலிருந்தும் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டிலிருந்தும் வந்த பிள்ளையின் நிலை என்ன? மாதந்தோறும் வகுப்புக் கட்டணம், ஆண்டுக்கொரு தேர்வுக் கட்டணம், வீட்டில் ஒரு பியானோ என்று எத்தனை பெற்றோரால் செலவு செய்ய முடிந்தது? நம்மில் பலருக்குக் கேள்வி ஞானம் விரும்பித் தேர்ந்தெடுத்த வழியன்று. திறந்திருந்த ஒரே வழி அதுதான். வேறு வழியில்லாததால் வந்ததை நாம் பெருமையாக மாற்றிக்கொண்டோம்.

இன்று வேறொரு வழியும் திறந்திருக்கிறது. 2012-இல் தொடங்கப்பட்ட கோர்செரா போன்ற தளங்களில் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக்கல்லூரியும் எடின்பரோ பல்கலைக்கழகமும் இசை அடிப்படைப் பாடங்களை வழங்கியுள்ளன. பாஸ் கிட்டாருக்கென்றே பாடத்திட்டம் வகுத்துக் கற்பிக்கும் தளங்களும் உண்டு. சிலவற்றுக்குக் கட்டணம் இல்லை. சிலவற்றுக்கு மாதக் கட்டணம் உண்டு. விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பதால் சேருமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல பாடத்திட்டம் ஒன்றின் வரிசை ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்: முதலில் கம்பிகளில் சுரங்கள் இருக்கும் இடம், பிறகு மேஜர் ஸ்கேல், பிறகு இரண்டு சுரங்களுக்கு இடையிலான தூரம், அடுத்து அந்தத் தூரங்களால் கோர்டுகள் உருவாகும் முறை, கடைசியாக ஒரு கோர்டிலிருந்து இன்னொரு கோர்டுக்குப் பாட்டு நகரும் விதம். இவற்றில் எதையும் புரிந்துகொள்ளத் தனி மேதைமை தேவையில்லை. எஸ்.டி.பி.எம். கணிதம் படித்துத் தேறியவர்களுக்கு இது எம்மாத்திரம்?

கோட்பாட்டைத் தொடங்குவதற்குப் பாஸ் கிட்டாரைப் போல் வசதியான கருவி வேறில்லை என்றே சொல்வேன். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட பாஸ் கிட்டாருக்குப் ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்று பெயர் வைத்தார்கள். பெரிய டபுள் பாஸில் விரல் சற்று நகர்ந்தாலும் சுருதி பிசகும். ஃப்ரெட் பதித்த கருவியில் அந்தக் கவலை இல்லை. ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் அரைச்சுரம். பன்னிரண்டு ஃப்ரெட் நகர்ந்தால் அதே சுரத்தின் மேல்ஸ்தாயி. மேஜர் ஸ்கேலை ஒரே கம்பியில் ஏறிப் பார்த்தால் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று என்று ஃப்ரெட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பிகளும் ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில், ஐந்தைந்து அரைச்சுர இடைவெளியில், சுருதி சேர்க்கப்படுகின்றன. சாதாரணக் கிட்டாரில் ஜி கம்பிக்கும் பி கம்பிக்கும் நடுவில் இந்த ஒழுங்கு மாறும், பாஸில் மாறாது. ஆகவே விரல்களின் அமைப்பை ஓரிடத்தில் கற்றால் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆண் குரலுக்கு அமைந்த பாட்டை ஒரு மாணவி பாட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சி சுருதியிலிருந்து எஃப் சுருதிக்கு மாற வேண்டும். ஏ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருந்த கையை எட்டாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் போதும். விரல் அமைப்பு அப்படியே இருக்கும். மனப்பாடமாக மட்டும் வாசித்தவர் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து பாடம் செய்ய வேண்டிவரும்.

இணையவழிப் பாடத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். பாஸின் ஆகத் தாழ்ந்த கம்பியின் ஒலி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அதைத் தர இயலாது. அதன் மேல் அதிர்வுகளே நம் காதுக்கு வருகின்றன. பாஸ் பாடத்தைப் பேருந்தில் கைப்பேசியில் கேட்டுவிட்டுப் புரியவில்லை என்பவர்கள் முதலில் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கட்டும். அடுத்த குறை இதைவிடப் பெரிது. திரையில் இருக்கும் ஆசிரியரை நாம் பார்க்கிறோம். அவர் நம்மைப் பார்ப்பதில்லை. மணிக்கட்டு வளைந்திருக்கிறது, தாளம் ஓடுகிறது என்று சொல்ல ஆளில்லை. பாஸ் என்பது மத்தளத்தோடும் டிரம்ஸோடும் கைகோத்து நடக்க வேண்டிய வாத்தியம். தனியறையில் உட்கார்ந்து அந்தப் பழக்கத்தைப் பெற முடியாது. ஆர்வத்தோடு சேர்ந்தவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுவதற்கும் இந்தத் தனிமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது குறை, பாடங்களில் வரும் பாடல்கள் நம்முடையவை அல்ல. புளூஸும் ஜாஸும் ராக்கும் சிறந்த இசைதான். ஆனால் நாம் தாலாட்டிலிருந்து கேட்டு வளர்ந்தது வேறு. இந்தப் பள்ளத்தை நிரப்புவது ஆசிரியரின் வேலையன்று, நம்முடைய வேலை. இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிட்டார் அடியில் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போவதைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? 1980-இல் வெளிவந்த ‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டில் நம் மாணவர்கள் கிட்டாரைத்தான் கற்க ஓடுகிறார்கள். அடுத்த முறை பாஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். இணையத்தில் கோர்டு பாடம் முடிந்த வாரத்தில் அந்தப் பாஸின் முதல் நான்கு வரிகளை எழுதிப் பார்த்தால், பத்துக் காணொளிகள் தராத தெளிவு கிடைக்கும்.

“கோட்பாடு படித்தால் உணர்ச்சி போய்விடும்” என்று சிலர் சொல்வதுண்டு. இளையராஜாவின் வாழ்க்கையே இதற்குப் பதில். 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியே கிராமத்து மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர், அதற்கு முன்பே சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயின்றவர். படிப்பு அவருடைய மண்வாசனையைக் கெடுத்துவிட்டதா?

“இது மேல்நாட்டுச் சரக்கு, தமிழ்ப் பேரவையின் இதழில் இதற்கு என்ன வேலை?” என்றும் சிலர் கேட்கலாம். இசையை அளந்து, பெயரிட்டு, முறைப்படுத்தி வைத்த பழமை நமக்கு உண்டு. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை யாழாசிரியனுக்கு இருக்க வேண்டிய இசையறிவை விரித்துச் சொல்கிறது. நின்ற நரம்பிலிருந்து நான்காவதை நட்பு என்றும் ஐந்தாவதைக் கிளை என்றும் நம் முன்னோர் உறவு சொல்லி அழைத்தார்கள். பாஸ் கிட்டாரின் கம்பிகள் ஒன்றுக்கொன்று நான்காம் சுரம், அதாவது நட்பு. பாஸ் வாசிப்பவர் அடிச்சுரத்துக்கு அடுத்து அதிகம் நாடுவது ஐந்தாம் சுரம், அதாவது கிளை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ இத்தகைய கணக்குகளை விரிவாக ஆராய்ந்த பெருநூல். மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே. அதன் இரண்டாம் சுரத்தை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியா, நான்காவதைக் கொண்டால் கல்யாணி, ஐந்தாவதைக் கொண்டால் அரிகாம்போதி. இணையப் பாடங்கள் ‘மோட்’ என்று பல வாரங்கள் விளக்குவது இதைத்தான். ராகம் என்பது வெறும் சுரவரிசையன்று, கமகமும் பிடியும் சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சிறுவயதில் கோயிலிலோ நுண்கலைப் பள்ளியிலோ சங்கீதம் கற்ற நம் மாணவர் இந்தப் பாடத்தில் மற்றவர்களைவிட ஓரடி முன்னால்தான் நிற்கிறார்.

எனவே நம் மொழிக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பருவத்திலும் நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் இணையவழிப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒரு பாடத்தை அவரவர் அறையில் பார்த்துவிட்டு, வார இறுதியில் ஒன்றுகூடுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் தாளம் போட்டுத் திருத்தட்டும். அந்த வாரத்துப் பாடத்தை ஒரு தமிழ்ப் பாட்டில் தேடிக் கண்டுபிடியுங்கள். கற்ற கலைச்சொற்களுக்கு உரிய தமிழ்ச் சொற்களையும் எழுதிவையுங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அது பாடநூலாகும். முன்னாள் மாணவர்களும் உதவலாம். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பாஸ் கிட்டாரையும் ஆம்பிளிஃபயரையும் கழக அறைக்குக் கொடுத்தால் ஒரு தலைமுறையே பயன்பெறும். சான்றிதழ் கிடைத்ததா என்பது முக்கியமில்லை. அடுத்த கலை இரவில் ஒரே ஒரு பாட்டையாவது கரோக்கே இல்லாமல், பாடுபவரின் சுருதிக்கு ஏற்ப மாற்றி வாசிக்க முடிந்ததா என்பதே நமக்குத் தேர்வு.

இது புதிய கனவும் அன்று. பினாங்கில் உருவாகி மலாய் மெல்லிசையில் நாடறிந்த ஆலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள், 2007-இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் அவர் அண்ணன் டேவிட் ஆறுமுகமும் என்பதை மறந்துவிடக் கூடாது. மேடையில் நின்று வாசிக்கும் குழுக்கள் நம்மிடையே இருந்தன. மீண்டும் வர முடியும்.

திருக்குறளில் கல்வி 40-ஆவது அதிகாரம், கேள்வி 42-ஆவது அதிகாரம். வள்ளுவர் ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளவில்லை, இரண்டையும் கேட்டார். நம் செவிக்குக் கேள்வி வாய்த்திருக்கிறது. கட்டணம் கட்ட முடியாததால் நம் பெற்றோர் தர இயலாமல் போன கல்வி இன்று விடுதி அறைக்கே வந்திருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ள நாம் தயங்கினால், இனிமேல் வறுமையைக் காரணம் சொல்ல முடியாது.