எதிரே வருகிறவனுக்கும் கண் உண்டு

8000 பெரிதா, 4300 பெரிதா என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சரியாகப் பதில் சொல்லிவிடும். நானும் சரியாகத்தான் சொன்னேன். அதனால் ஒரு மனிதர் இரவு எட்டு மணிக்கு வாய்க்காலில் விழுந்தார்.

விஷயத்தை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என்னுடையது செகண்ட் ஹாண்டு கார். அதை முதலில் வாங்கிய கனவான் வசதி படைத்தவர் போலிருக்கிறது. தொழிற்சாலையிலேயே ஸெனான் விளக்குப் பொருத்திய வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். ஒரு நாள் தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு மூன்றையும் தாண்டிக் குடமுருட்டிப் பாலத்தில் ஏறுகிற சமயம், வலது கண் அவிந்துவிட்டது. காரின் வலது கண்ணைச் சொல்கிறேன். ஒற்றைக் கண்ணோடு காவிரியைக் கடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பல்பு வாங்கப் போனேன். இந்தக் காலத்தில் ஸெனான் பல்பு வாங்குவது சுலபமல்ல. 1991-ல் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. காரில் அறிமுகமாகி, பணக்காரக் கார்களின் அடையாளமாக இருந்த விளக்கு அது, இப்போது எல்.இ.டி. வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. இரண்டு கடைகளில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது கடையில் பையன் ஒருவன், “இருக்கு ஸார். 4300 வேணுமா, 6000 வேணுமா, 8000 வேணுமா?” என்றான்.

விலையைச் சொல்கிறான் என்று நினைத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“விலை இல்லை ஸார், கெல்வின். 8000 போட்டீங்கன்னா வைரம் மாதிரி நீலமா அடிக்கும். இப்ப எல்லாரும் அதைத்தான் போடறாங்க.”

எல்லாரும் போடுகிறார்கள் என்ற பிறகு அதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? 8000-மே போடச் சொன்னேன். அன்று இரவு ஓட்டிப் பார்த்தால் வண்டியின் மூஞ்சி நீல வைரமாக ஜொலிக்கிறது. தார் ரோடு மட்டும் முன்னைவிட இருட்டாக இருக்கிறது. மறுபடியும் போய் முறையிட்டேன். “தூரம் பத்தலையா ஸார்? கொஞ்சம் தூக்கி விட்டுடறேன்” என்று மெக்கானிக் திருப்புளியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் தலையாட்டினேன். நடந்த பாவத்தில் திருப்புளிக்குப் பாதி, தலையாட்டலுக்குப் பாதி.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிய நாட்கள். கும்பகோணம் சாலையில் திருப்பழனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் சீமையில் அறுவடைக் காலத்துச் சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சாலை நெற்களம். பகலெல்லாம் காய்ந்த நெல்லைச் சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். எதிரே ஒரு மொபெட் வந்தது. என் வெளிச்சம் அதன் மேல் பட்டது, மொபெட் தடுமாறியது, கல்லைத் தவிர்க்க ஒடித்தது, அடுத்த கணம் சாலையில் மொபெட்டைக் காணோம்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். அறுபது வயதுப் பெரியவர் ஒருவர், முழங்கால் தண்ணீரில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் ரத்தம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“உங்க வெளிச்சத்திலே உங்களுக்கு ரோடு தெரிஞ்சுது தம்பி. எனக்கு ரோடே இல்லாம போயிடுச்சு” என்றார்.

ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். குவியலுக்குக் காவலாகப் படுத்திருந்தவர்கள் மேல் மொபெட் ஏறியிருந்தால், அல்லது அவருக்குப் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் நான் வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்ள முயன்றேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியம்.

ஸெனான் என்ற வாயுவை 1898-ல் ராம்ஸே, டிராவர்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு ‘அந்நியன்’ என்று பொருள். இந்தப் பல்பில் இழை கிடையாது. சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவி எரிகிறது. தாவச் செய்ய முதல் கணத்தில் 20,000 வோல்டுக்கு மேல் வேண்டும். டியூப்லைட்டுக்குச் சோக் இருப்பது போல் இதற்கும் பல்லாஸ்ட் என்று ஒரு பெட்டி உண்டு. 35 வாட் ஸெனான் பல்பு சுமார் 3200 லூமென் வெளிச்சம் தருகிறது. 55 வாட் ஹாலஜன் தருவது சுமார் 1500 தான்.

வெளிச்சத்தின் அளவைச் சொல்வது இந்த லூமென். கெல்வின் சொல்வது நிறத்தை மட்டும். 4300 என்பது தொழிற்சாலையில் போடுகிற, சற்றே இளமஞ்சள் கலந்த வெள்ளை. எண் ஏற ஏற நிறம் நீலமாகிறது. அதே 35 வாட்டிலிருந்து கிடைக்கும் வெளிச்சமோ குறைகிறது. அதே சமயம் நீல ஒளி எதிரே இருப்பவர் கண்ணை அதிகமாக உறுத்துகிறது. ஓட்டுகிறவனுக்குக் குறைவு, எதிரே வருகிறவனுக்கு உபத்திரவம். இதற்குப் பெயர் ‘வைரம்’. குறைந்த வெளிச்சத்தை ஈடு கட்டத்தான் நான் விளக்கைத் தூக்கச் சம்மதித்தேன். ஒரு முட்டாள்தனம் இன்னொன்றைக் கைப்பிடித்து அழைத்து வந்தது.

இதை நண்பர்களிடம் சொன்னால் வாதம் செய்கிறார்கள். “எதிரே வருகிறவன் டிம் பண்ணுகிறானா? அவன் அடிக்கிறான், நானும் அடிக்கிறேன்” என்கிறார் ஒருவர். நல்ல நியாயம், ஸ்வாமி! இரண்டு வண்டியும் மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகின்றன. கண் கூசி மூன்று விநாடி ஒன்றும் தெரியாவிட்டால், ஒவ்வொருவரும் 50 மீட்டர் குருடராக ஓட்டுகிறார்கள். ஒரு குருடர் போதாது, இரண்டு பேராக இருக்கட்டும் என்பதுதான் இந்த வாதத்தின் சாரம். நாற்பது வயதைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்குக் கூசிய கண் தெளிய இன்னும் நேரமாகிறது.

“கிராமத்துச் சாலையில் விளக்கே இல்லை, வெளிச்சம் வேண்டாமா?” என்கிறார் இன்னொருவர். வேண்டும். தார் ரோட்டின் மேல் வேண்டும். எதிராளியின் முகத்தில் எதற்கு? மார்கழிப் பனியில் விளக்கைத் தூக்கி அடித்துப் பாருங்கள். வெளிச்சமெல்லாம் வெள்ளைச் சுவராகத் திரும்பி உங்கள் முகத்திலேயே அடிக்கும்.

எல்லாரிலும் பெரிய குற்றவாளிகள், ஹாலஜன் விளக்குக்காகச் செய்த கூட்டில் ஸெனான் ‘கிட்’ வாங்கிச் சொருகுகிறவர்கள். அந்தக் கூட்டின் கண்ணாடி, சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று கணக்கிட்டு வளைக்கப்பட்டது. வேறு வடிவமுள்ள ஒளியை அதில் வைத்தால், இரண்டு மடங்கு வெளிச்சம் கட்டுப்பாடின்றி நாலாபுறமும் சிதறும். ஐரோப்பாவில் 2000 லூமெனுக்கு மேற்பட்ட பல்பு வைத்தால், பாரத்துக்குத் தகுந்தபடி விளக்கு தானாகவே தாழ வேண்டும், கண்ணாடியைக் கழுவும் கருவியும் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் கடையில் கொடுக்கும் கிட்டில் இவை உண்டா? இலவசமாக ஸ்டிக்கர் கொடுப்பார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி, முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும், 8 மீட்டர் தூரத்தில் நிற்பவர் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்கிறது. ஆனால் ஹெல்மெட் இல்லாத தலை போலீஸார் கண்ணில் சட்டென்று படுகிறது. தூக்கி வைத்த விளக்கு படுவதில்லை. முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டும் இயக்கம் அவ்வப்போது நடக்கும். குழந்தைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு மாதிரி அது இரண்டு மழைக்குள் போய்விடும். ஒளியின் சரிவை அளக்கக் கருவி இருக்கிறது. அதைக் கொண்டு அளக்கட்டும். விற்கிற கடையையும் கேட்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பழைய பல்பின் அடியில் டி-1-எஸ், டி-2-எஸ் என்று எழுத்து இருக்கும்; அதையே கேட்டு வாங்குங்கள். டி-1, டி-2 வகை 85 வோல்டில் எரிகிறது. பாதரசம் இல்லாத டி-3, டி-4 வகை 42 வோல்டில். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. கடைசியில் ‘எஸ்’ என்றால் லென்ஸ் விளக்கு, ‘ஆர்’ என்றால் கண்ணாடிக் கூட்டு விளக்கு. 4300-ஐ ஒட்டியே வாங்குங்கள். ஜோடியாக மாற்றுங்கள், பழையது வெளிச்சம் மங்கி நிறம் மாறியிருக்கும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விளக்கை அணைக்காமல் கை வைக்காதீர்கள். 20,000 வோல்டை மறக்க வேண்டாம்.

கடைசியாக, சமதரையில் ஒரு சுவர் தேடுங்கள். நான் ரைஸ் மில் சுவரைத் தேடிப் போனேன். பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் விளக்கைப் போட்டால், வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் மத்தியைவிடப் பத்து சென்டிமீட்டராவது தாழ்ந்திருக்க வேண்டும். என்னுடையது அன்று சுவரைத் தாண்டித் தென்னை மரத்தின் மேல் அடித்தது.

இப்போது 4300 போட்டு, விளக்கைத் தாழ்த்தியாயிற்று. கடைப் பையன் பார்த்துவிட்டு, “என்ன ஸார், மஞ்சளா இருக்கு!” என்று சிரித்தான். சிரிக்கட்டும். பல்பு வாங்கப் போகிறவர்கள், ‘எனக்கு எவ்வளவு தூரம் தெரியும்?’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘எதிரே மொபெட்டில் வருகிறவருக்கு என்ன தெரியும்?’ என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். கடைக்காரர் பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.