வடகோடியில் ஒரு மாலை

ஓகஸ்ட் விடுமுறையின் நடுப்பகுதியிற் குடும்பத்துடன் ஸ்கொத்லாந்தின் வடகரையைச் சுற்றினோம். உண்ணவும் உறங்கவும் இடமுள்ள வானை ஓட்டியவர் இலண்டனில் வாழும் எமது மைத்துனர். பாதை பல இடங்களில் ஒரு வண்டிக்கே போதுமானது. எதிரே வாகனம் தோன்றின் ஒருவர் ஒதுங்கி நிற்றல் வேண்டும். வழிவிட்டவருக்குக் கையசைத்து நன்றி கூறுவது அங்குள்ள வழக்கம். நம்மூர்ச் சாரதிகள் நினைவுக்கு வந்தனர், அது கிடக்க.

பிரித்தானியப் பெருநிலத்தின் வடகோடியாகிய டனெற் முனையிற் பஃபின் பறவைகளைக் காட்டுவதாக மகளுக்கு வாக்களித்திருந்தோம். கோமாளி முகமும் வண்ண அலகும் கொண்ட அவற்றை அவள் வீட்டிலிருந்தே வரைந்து பழகியிருந்தாள். 1831 இல் ரொபேட் ஸ்ரீவன்சன் எழுப்பிய வெளிச்சவீட்டருகே நெடுநேரம் நின்றோம். பாறைகள் வெறுமையாயிருந்தன. குஞ்சுகள் வளர்ந்ததும், ஓகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை ஆழ்கடலுக்குப் போய்விடுமாம். ஊருக்கெல்லாம் பாடஞ் சொல்லும் நாம் இதனைப் படித்துப் பார்த்தோமில்லை.

"அதுகளுக்கும் ஓகஸ்ட் விடுமுறையோ, அப்பா?" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. எம்மிடம் விடையில்லை.

மாலையிற் கரையோரம் வானை நிறுத்தித் தேநீர் காய்ச்சுகையில், நீரினின்று கடல்நாய் ஒன்றின் தலை எழுந்தது. மீசையுடன் எம்மையே நோக்கிற்று. அவள் அசையாது நின்றாள். பின்னர் மெல்ல, வழிவிட்ட சாரதிகளுக்குச் செய்வதுபோற் கையசைத்தாள்.