108 வண்டியில ஊசி போடுற பிள்ளையை வேலை பார்க்க விடுங்க

நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பாட்டில் தொங்கினாத்தான் வைத்தியம் ஆரம்பிச்சதா அர்த்தம். 108 வண்டி வந்து நின்னதும் "முதல்ல குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கூட்டத்துல நாலு பேர் சொல்வாங்க. சென்னையில இருந்து மகன் போன்ல அதையே சத்தமா சொல்வான். டவுன்ல இருக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். அந்த வண்டிக்குள்ள அதிகமா கேட்கிறது உங்க சத்தம்தான்.

முதல்ல அந்த பாட்டில். வண்டியில ஏத்துறது பெரும்பாலும் குளுக்கோஸ் இல்ல, சலைன். அரை லிட்டர்ல நாலரை கிராம் உப்பு, மீதி தண்ணி. உப்பளத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு உப்புத் தண்ணியைத் தெம்புன்னு நினைக்கிறோம். ரத்தமோ நீரோ குறைஞ்சவருக்கு அது உயிர். மற்றவங்களுக்கு எப்பவும் தேவைப்படாது. இதயம் பலவீனமானவருக்கு அதிகமா ஏத்தினா நுரையீரல்ல நீர் கோர்த்துக்கும்.

அடுத்து ஊசி. நரம்பு ஊசின்னு சொன்னாலும் அது போறது நரம்புல இல்ல, ரத்தக்குழாய்ல. உள்ளே நிக்கிறது மெல்லிசான பிளாஸ்டிக் குழாய்; இரும்பு ஊசியை உடனே உருவிடுவாங்க. அளவை நிறத்துல சொல்வாங்க. மஞ்சள் சின்னது, குழந்தைக்கு. அப்புறம் நீலம், ரோஸ், பச்சை. ரத்தம் நிறைய போனா பச்சையோ அதைவிடப் பெருசோ வேணும். பம்ப்செட் வச்சிருக்கிற எங்களுக்கு இது புரியும்: பைப்பு அகலமாவும் குட்டையாவும் இருந்தாத்தான் தண்ணி வேகமாப் பாயும்.

ஆனா பெரிய ஊசி போட நல்ல குழாய் கிடைக்கணுமே. முள்ளக்காடு அளத்துல சித்திரை வெயில்ல உப்பு வார்ன கையைப் பார்த்திருக்கீங்களா? தோல் தடிச்சு, உப்புல வெடிச்சிருக்கும். உடம்புல நீர் வத்தினா குழாய் சுருங்கிப் போகும். சங்கு குளிச்சு மேலே வந்தவர் கை குளிர்ல சுருங்கி இருக்கும். ஏசி அறையில இரத்தம் எடுக்கிற மாதிரி சுலபம் இல்ல இது.

அந்தப் பிள்ளை ரப்பரைக் கட்டி, தடவிப் பார்த்து, ஸ்பிரிட் தடவிக் காயவிடணும். அரை நிமிஷம் ஆகும். தேய்ச்ச உடனே குத்தினா கிருமி சாகாது. தடவிச் சுத்தம் பண்ணின இடத்தை விரலால திரும்பத் தொட்டா மறுபடி சுத்தம் பண்ணணும். குண்டும் குழியுமான ரோட்டுல வண்டி ஆடும்போது குத்தினா ஊசி குழாயைத் தாண்டிப் போகும், இல்ல அவங்க கையிலேயே ஏறும். ரத்தம் பட்ட ஊசி வழியா மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவும். அதனாலதான் ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாம நேரா டப்பாவுல போடுறாங்க. வண்டியை ஒரு நிமிஷம் ஓரங்கட்டினா "ஏன்டா நிறுத்துற?" என்று கத்துறதுக்கு முன்னால இதை நினைச்சுக்கோங்க.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. ஊசியே போடாம வண்டி கிளம்பினாலும் கத்தாதீங்க. வயித்துக்குள்ள ரத்தம் கசியிறவருக்கு வேண்டியது ஆபரேஷன். ரெண்டு தடவை குத்தியும் கிடைக்கலன்னா அங்கேயே நின்னு மூணாவதா தேடுறதைவிடப் பெரியாஸ்பத்திரிக்குப் போறதுதான் நல்லது. எப்போ நிறுத்தணும், எப்போ ஓடணும் என்கிறது படிச்சவங்க முடிவு. நம்ம முடிவு இல்ல.

பாம்புக்கடிக்கு எங்க ஆளுங்க கயித்தை இறுக்கிக் கட்டுறாங்க. "ஆம்புலன்ஸ்லயும் கட்டுறாங்களே" என்று கேட்கிறாங்க. அந்த ரப்பர் குழாயை எடுத்துக் காட்ட மட்டும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அவிழ்த்துடுவாங்க. கடிச்ச கையில ஊசியும் போட மாட்டாங்க. கயித்தை இறுக்கிக் கட்டி ரொம்ப நேரம் விட்டா கையே போயிடலாம்.

ஆஸ்பத்திரி போனதும் நர்ஸ் பழைய ஊசியை எடுத்துட்டு வேற கையில போட்டா, "நல்லாத்தானே இருக்கு" என்று சண்டைக்குப் போகாதீங்க. ரோட்டோரம் அவசரத்துல போட்டதை ரெண்டு நாளைக்குள்ள மாத்தணும்னு முறை இருக்கு. போட்ட இடம் வீங்கினாலோ எரிஞ்சாலோ உடனே சொல்லுங்க.

தமிழ்நாட்டுல 2008 செப்டம்பர்ல 108 வந்தது. அதுக்கு முன்னால மாட்டு வண்டியிலயும் லோடு ஆட்டோவுலயும் போன ஊர் எங்களது. இப்போ ஊசி போடத் தெரிஞ்ச பிள்ளை வாசலுக்கே வருது. போன்ல நீங்க சொல்ல வேண்டியது வேற: அப்பாவுக்கு சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா, டயாலிசிஸ் கை எது. டயாலிசிஸுக்குன்னு ஆபரேஷன் பண்ணின கையில ஊசி போடக்கூடாது. இந்த மூணையும் ஒரு தாள்ல எழுதி வீட்டுக் கதவுக்குப் பின்னால ஒட்டி வையுங்க. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முதல் வேலையா அதைச் செய்யுங்க.