கிழவர்களுக்குப் பாட்டுப் பிச்சையா?

இப்போது நமது நகரங்களில் மாத்திரமல்லாமல் சிறு ஊர்களிலும்கூட முதியோர் இல்லங்கள் என்பவை பெருகி வருகின்றன. அவை பெருகுவது சரியா தப்பா என்கின்ற விசாரணைக்கு நாம் இன்று வரவில்லை. அந்த இல்லங்களுக்குச் சங்கீதம் கற்ற வாலிபர்கள் கூட்டமாகச் சென்று, கூலி ஒன்றும் வாங்காமல், அங்கிருக்கும் முதியவர்களுக்குப் பாடியும் வாசித்தும் விட்டு வருகிறார்களே, அந்தக் காரியத்தைப் பற்றித்தான் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் நல்ல காரியம் என்று பெயர் வாங்கிவிட்ட ஒன்றை யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆதலால் அதைத்தான் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, ஒரு நண்பருடைய தாயாரைப் பார்ப்பதற்காக அப்படிப்பட்ட இல்லம் ஒன்றிற்கு நாம் போயிருந்தோம். அன்று கச்சேரி. காலேஜில் படிக்கும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று மணிக்கே கிழவர் கிழவிகளையெல்லாம் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் வந்து சேர்ந்தது நாலரை மணிக்கு. ஆள் உயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் வந்தன. பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள். முதல் நாலு பாட்டும் சாமி பாட்டு. கிழவர்கள் என்றால் பக்திப் பாட்டைத் தவிர வேறொன்றும் கேட்கமாட்டார்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்த ஒரு பையன், பாட்டிக்குக் காது கேட்கவில்லை போலும் என்று எண்ணி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தான்! பாட்டு முடிந்ததும் கை தட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். செல்போனில் போட்டோ எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட் பொட்டணமும் கொடுத்துவிட்டு ஆறு மணிக்குப் போய்விட்டார்கள்.

கடைசி வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கச்சேரி நடந்த அவ்வளவு நேரமும் அவருடைய வலது கை விரல்கள் தொடையின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன. விசாரித்ததில், அவர் ஸ்பெஷல் நாடகங்களுக்கு நாற்பது வருஷ காலம் ஆர்மோனியம் வாசித்துப் பின்பாட்டுப் பாடியவர் என்று தெரிய வந்தது. வள்ளி திருமணத்துக்கும் பவளக்கொடிக்கும் விடிய விடிய வாசித்தவர். (கதை புராணக் குப்பைதான், அதற்கு அந்த விரல்கள் என்ன செய்யும்?) “நீங்கள் வாசிப்பீர்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா ஐயா?” என்று கேட்டோம். “யாரு தம்பி கேட்டா?” என்று சொல்லிவிட்டுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

இந்த ஒரு வார்த்தைதான் விஷயம். பிச்சை போடுகிறவன் பிச்சைக்காரனைப் பார்த்து, உனக்குச் சோறு வேண்டுமா, கூழ் வேண்டுமா என்று கேட்பதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைத்தான் கேட்கிறோம். இந்தப் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. தர்மம் செய்தால் செய்கிறவனுக்குப் புண்ணியம் என்றுதானே தலைமுறை தலைமுறையாக நாம் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? அந்தக் கணக்கில் வாங்குகிறவனுக்கு இடமே கிடையாது. அவன் புண்ணியம் விளைகிற நிலம் போல இருக்க வேண்டியதுதான். நிலத்தைப் பார்த்து எவன் யோசனை கேட்பான்?

நிற்க. வேறுவிதமாகவும் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்களா என்றால், செய்திருக்கிறார்கள். இத்தாலி தேசத்தில் மிலான் நகரத்தில் பழைய சங்கீதக்காரர்களுக்கென்றே ஒரு இல்லம் இருக்கிறது. அதைக் கட்டியவர் ஜூசெப்பே வெர்டி என்னும் பேர்போன சங்கீத வித்துவான். இவர் 1813-ஆம் வருஷம் ஒரு குக்கிராமத்தில் சாராயக்கடையும் சத்திரமும் நடத்தி வந்த ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர். 1832-ல், தமது 18-ஆவது வயதில், மிலான் சங்கீதப் பள்ளிக்கூடத்தில் சேர மனுப்போட்டார். வயது கடந்துவிட்டது என்பது முதலான காரணங்களைச் சொல்லி அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அதே பள்ளிக்கூடம் இவருடைய பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது! படிப்புக்கு யோக்கியதை பார்க்கிறவர்களின் யோக்கியதை எல்லாத் தேசத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

வெர்டி இசை நாடகங்கள் எழுதிப் பெரும் பொருள் சேர்த்தார். மதத்தில் அவ்வளவாகப் பற்றில்லாதவர். சேர்த்த பொருளைக் கொண்டு தம் கிராமப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி கட்டினார்; அது 1888-ல் திறக்கப்பட்டது. பிறகு மிலானில் நிலம் வாங்கி, கமில்லோ பொயித்தோ என்ற கட்டிடச் சிற்பியைக் கொண்டு இந்த இல்லத்தைக் கட்டி 1899-ல் முடித்தார். யாருக்காக? பாடிப் பாடித் தொண்டை போனவர்கள், வாத்தியம் வாசித்து விரல் மரத்தவர்கள், மேடையில் கும்பலோடு கும்பலாக நின்று பாடி ஒருவருக்கும் பெயர் தெரியாமல் கிழவரானவர்கள், சிறு வயதில் மிச்சம் பிடிக்கத் தெரியாதவர்கள் ஆகிய இவர்களுக்காக. இவர்களைத் தம்முடைய வாழ்நாள் தோழர்கள் என்றுதான் அவர் எண்ணினாரே தவிர, அனாதைகள் என்று எண்ணவில்லை. அங்கே வசிப்பவர்களுக்கு இன்றைக்கும் விருந்தினர் என்றுதான் பெயர்.

இன்னொரு சங்கதி. கட்டிடம் 1899-லேயே முடிந்திருந்தும், தாம் உயிரோடிருக்கும்வரை அதைத் திறக்கக்கூடாது என்று வெர்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உள்ளே வருகிறவர்கள் தம்மிடம் வந்து நன்றி சொல்லிக்கொண்டு நிற்பதை அவர் விரும்பவில்லை. 1901 ஜனவரியில் அவர் செத்துப்போனார். 1902 அக்டோபர் 10-ஆம் தேதிதான் முதல் விருந்தினர்கள் உள்ளே போனார்கள். நாடகங்களால் வரக்கூடிய வரும்படி உரிமையையும் இல்லத்துக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளிச்சமே வராதபடி அதன்மேல் உபயம் இன்னார் என்று எழுதி வைக்கும் நமது தர்மப் பிரபுக்கள் இதைக் கொஞ்சம் யோசிப்பார்களாக. அந்த இல்லத்திலும் ஒரு சிறு கோவில் இருக்கிறது, வெர்டியையும் அவர் மனைவியையும் அங்கேயேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1990-களின் கடைசி தொட்டு இந்த இல்லத்தில் சங்கீதம் படிக்கும் வாலிபர்களுக்கும் அறை கொடுத்து வருகிறார்கள். வெளியே கொடுக்கிற வாடகையைவிடக் குறைந்த வாடகை. சுமார் 60 கிழவர்களோடு ஒரே சாப்பாட்டு மேஜையில் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் வாசிக்கிறார்கள். கிழவர்கள் கேட்கிறார்கள், கேட்பதோடு நிற்பதில்லை. இந்த இடத்தில் மூச்சை இப்படி விடு, அந்த இடத்தில் அவசரப்படாதே என்று திருத்துகிறார்கள். ஐம்பது வருஷம் மேடையில் நின்றவரிடம் இலவசமாகப் பாடம் கிடைக்கிறதென்றால் யாருக்கு யார் உபகாரம் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்திலும் ஏறக்குறைய இதுபோலவே ஒன்று செய்தார்கள். ஜட்சன் மேனர் என்னும் முதியோர் குடியிருப்பில் 2010-ஆம் வருஷத்தை ஒட்டி, அவ்வூர்ச் சங்கீதக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் வீடு கொடுத்தார்கள். அதற்குப் பதில் மாணவர்கள் அங்குள்ள கிழவர்களுக்குக் கச்சேரி செய்ய வேண்டும். இது வியாபாரமல்லவா, சேவையாகுமா என்று சிலர் கேட்கலாம். வியாபாரமாகவே இருக்கட்டும். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்குகிற இடத்தில் ஒருவருக்கொருவர் தலைகுனிய வேண்டியதில்லை. மேலும், அடுத்த அறையில் குடியிருக்கிறவன் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிட முடியாது. மறுநாள் காலையில் காப்பிக்கு அதே முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

நமது பிள்ளைகள் எல்லோரும் போய் இல்லங்களில் குடியேற முடியாது என்பது நமக்குத் தெரியும். வாரம் ஒரு மணி நேரம் போகிறவர்களுக்கும் அறிந்துகொள்ள வேண்டியது உண்டு. வயது ஏறினால் காது மந்தப்படுவது முதலில் கீச்சென்ற மேல் சத்தங்களுக்குத்தான். அதனால் பாட்டு கேட்கும், வார்த்தை விளங்காது. அதோடு, மெல்லிய சத்தம் கேட்காத அதே காதுக்குப் பெருஞ்சத்தம் மற்றவர்களைவிடச் சீக்கிரமாக நாராசமாகிவிடும். காதைப் பொத்திக்கொண்ட அம்மாளுடைய சங்கதி இதுதான். ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மின்விசிறியையும் டெலிவிஷனையும் நிறுத்தி, பத்துப் பேருக்குப் பக்கத்தில் முகம் தெரிய உட்கார்ந்து நிதானமாகப் பாடினால் போதும்.

என்ன பாடுவது என்றால், மனிதனுக்கு வாலிபத்தில் கேட்ட பாட்டுத்தான் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கு 85 வயதானவருடைய வாலிபம் 1950-களிலும் 60-களிலும் கழிந்தது. அவருக்கு ஜி. ராமநாதனும் கே.வி. மகாதேவனும் விஸ்வநாதன் ராமமூர்த்தியும் போட்ட சினிமா மெட்டுகள் இருக்கின்றன. வயலில் இறங்கி வேலை செய்த கிழவிக்கு நடவுப் பாட்டும் தாலாட்டும் இருக்கின்றன. அவற்றை எந்தப் பிள்ளை பாட முடியும்? கிழவிதான் பாட வேண்டும். பிள்ளைதான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

சங்கீதத்தால் வியாதி தீரும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. ராகம் பாடி மழை பெய்வித்ததாகவும் விளக்கெரித்ததாகவும் கதை சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் போலும். மறதி வியாதியை எந்த ராகமும் குணப்படுத்தாது. பெற்ற மகன் பெயரை மறந்தவர்கள்கூடச் சில சமயம் பழைய பாட்டு ஒன்றை அடி பிசகாமல் பாடுவதும், அந்த நேரம் மனம் அமைதிப்படுவதும் உண்மையே. அது போதாதா?

வயிற்றுக்கும் மருந்துக்கும் வழியில்லாத இடத்தில் வாத்தியம் எதற்கு என்று நமது தோழர்களில் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2007-ஆம் வருஷத்துச் சட்டம், ஜில்லாவுக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஏழை முதியவர்கள் தங்கும்படியான இல்லத்தை மாகாண சர்க்கார்கள் ஏற்படுத்தலாம் என்கிறது. “லாம்” என்ற இரண்டெழுத்து எவ்வளவு தூரம் இழுபடும் என்பது சர்க்கார் ஆபீசில் மனுக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். சோற்றுக்கும் வைத்தியத்துக்கும் சர்க்காரைக் கேட்க வேண்டும், விடக்கூடாது. ஆனால் வயிறு நிரம்பியபின் மனிதன் சுவரைப் பார்த்துக்கொண்டே பதினைந்து வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளின் தலைவனாக வந்த பையனைத் தேடிப் பிடித்து ஆர்மோனியக்காரருடைய சங்கதியைச் சொன்னோம். பையன் முகம் சுருங்கிப்போய்விட்டது. மறு வாரம் பெட்டியில்லாமல், எங்கோ இரவல் வாங்கிய ஆர்மோனியம் ஒன்றோடு நாலு பேர் வந்தார்கள். ஆர்மோனியக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, “துருத்தியில காத்து போகுது, சுருதி நிக்காது” என்று தள்ளி வைத்துவிட்டார். வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாக, மிருதங்கக்காரப் பையனுக்குத் தாளம் ஓடுகிறது என்று அரை மணி நேரம் பிடித்துக்கொண்டார். காதைப் பொத்திய அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

பன்னிரண்டு பேரில் இப்போது விடாமல் வருகிறவர்கள் மூன்று பேர்தான். அன்று போட்டோ எடுத்தவர் அந்த மூவரில் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பவளக்கொடியில் ஒரு பாட்டுச் சொல்லிக் கொடுப்பதாக ஆர்மோனியக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். அதற்குள் துருத்திக் கிழிசலைத் தோல் வைத்து ஒட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது நிபந்தனை.