டெல்லி - சான் பிரான்சிஸ்கோ: தூரம் 12,400 கி.மீ. தானே... விமானம் ஏன் சுத்திப் போகுது?

டெல்லியில் இருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 12,400 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறந்தால் 14 மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் அந்தக் குறுக்கு வழியில் விமானங்கள் வழக்கமாகப் பறப்பதில்லை. ஏன்?

மலை குறுக்கே நிற்குது!

அந்த வழி இமயமலை, திபெத் மேலே போகிறது. நடுவானில் கேபின் காற்றழுத்தம் குறைந்தால், விமானத்தை உடனே சுமார் 10,000 அடிக்கு இறக்கியாக வேண்டும். பயணிகளின் ஆக்ஸிஜன் மாஸ்க் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். திபெத்திலோ தரையே சராசரியாக 14,000 அடிக்கு மேல். அப்போ எங்கே இறக்குவது?

சுத்திப் போனாலும் சீக்கிரம்

2016 அக்டோபரில் ஏர் இந்தியா, அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு பசிபிக் கடல் மேலே இதே ஊருக்குப் பறந்தது. தூரம் 15,300 கி.மீ. ஆன நேரம் 14.5 மணி. அதாவது, சராசரி வேகம் மணிக்கு 1,050 கி.மீ.க்கும் மேல்! காரணம், மேற்கில் இருந்து கிழக்கே வீசும் 'ஜெட் ஸ்ட்ரீம்' காற்று பின்னால் இருந்து தள்ளியதுதான். எதிர்த்திசையில் போனால் இதே காற்று வேகத்தைக் குறைத்துவிடும்.

வானத்துக்கும் பூட்டு

காற்றையும் மலையையும் சமாளித்தாலும், அரசியலைச் சமாளிப்பது கஷ்டம். பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது பாகிஸ்தான். டெல்லியில் இருந்து மேற்கே போகும் விமானங்கள் அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா செல்லும் சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்பின.

அமெரிக்க நிறுவனங்களுக்கு வேறு சிக்கல். 2022-ல் உக்ரைன் போரைத் தொடர்ந்து ரஷ்ய வான்வெளி அவர்களுக்கு மூடப்பட்டது. யுனைடெட் ஏர்லைன்ஸ் தனது சான் பிரான்சிஸ்கோ - டெல்லி சேவையையே நிறுத்தியது. ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை.

சுமை யார் தலையில்?

கூடுதலாக ஒரு மணி நேரம் பறக்க கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும். எடை வரம்பைத் தொட்டுவிட்டால் சரக்கையோ பயணிகளையோ குறைக்க வேண்டும். பணி நேர வரம்பு இருப்பதால் கூடுதல் விமானிகளும் தேவைப்படலாம். கடைசியில் இந்தச் செலவு டிக்கெட் விலையில் வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

டிக்கெட் எடுக்கும் முன்...

'டைரக்ட்' என்று போட்டிருந்தால் எங்கும் நிற்காது என்று அர்த்தம் இல்லை. ஒரே விமான எண்ணில் வழியில் இறங்கிப் போவதும் 'டைரக்ட்' தான். 'நான்-ஸ்டாப்' மட்டுமே நிற்காமல் போகும். வயதான பெற்றோரை அனுப்புபவர்கள் தூரத்தைப் பார்க்காமல், மொத்தப் பயண நேரத்தையும் வழியில் எத்தனை இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்த்து முடிவெடுப்பது நல்லது.