மார்கழிக்கு முன்பே தண்ணீருக்கு வழி விடுங்கள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் முருங்கை, வாழை, வெண்டை, கத்தரி வைத்திருக்கிறோம். 2023 டிசம்பர் மழையில் முருங்கையும் வாழையும் அழுகிப் போயின. மறுபடி நட்டு இப்போதுதான் காய்ப்புக்கு வந்திருக்கின்றன. குளிர்காலத்தில் செடிகளைப் பாலிதீன் ஷீட்டால் மூட வேண்டும் என்று செல்போன் வீடியோவில் சொல்கிறார்கள். மூடலாமா?
– வாசகி ஒருவர், காயல்பட்டினம்

பதில்: மூட வேண்டாம். அது உறைபனி விழும் ஊர்களுக்கான யோசனை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவில் தரை சூட்டை இழந்து, புல் மேல் பனி உறைகிறது. அதனால் அங்கே செடிகளை இலைதழை போட்டு மூடுகிறார்கள். தூத்துக்குடிக் கடலோரத்தில் மார்கழிக் குளிர் எந்தச் செடியையும் கருக்காது. இங்கே பாலிதீன் போட்டால் உள்ளே வெக்கை தங்கி, இலை வியர்த்து, பூஞ்சாண நோய்தான் வரும்.

இந்தக் கரையில் குளிர்காலத்து ஆபத்து இரண்டு. ஒன்று தேங்கும் தண்ணீர், மற்றொன்று உப்பு கலந்த வாடைக்காற்று.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை விட இது அதிகம். அப்படி ஒரு வெள்ளத்தை எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் 10, 15 செ.மீ. மழையிலும் முருங்கை சாகிறது. அதைத் தடுக்கலாம்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் இண்டு இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால், இரண்டு மூன்று நாளில் சல்லி வேர்கள் அழுகும். அப்போது தண்ணீரில் நிற்கும் மரமே வாடித் தொங்கும். தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது.

மழைக்கு முன், புரட்டாசிக்குள்:

• முருங்கை, வாழையைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்கு மண் அணைக்கவும். கோடையில் எடுத்த வட்டப் பாத்தியை மூடிவிடவும்.
• கொல்லையின் தாழ்ந்த மூலையை நோக்கி ஓர் அடி ஆழத்தில் வடிகால் வெட்டவும். அது அடுத்த வீட்டுக் கொல்லையில் போய் முடியாமல் பார்த்துக்கொள்ளவும்.
• முருங்கைக் கிளை எளிதில் முறியும். நீண்ட கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைக்கவும். தார் விட்ட வாழைக்குச் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுக்கவும்.
• வாடைக்காற்று வரும் பக்கம் பனை ஓலைத் தட்டி கட்டவும். நெருக்கமாக அடைக்காமல் இடைவெளி விட்டால்தான் காற்றின் வேகம் தணியும், தட்டியும் சாயாது.

மழைக்குப் பின்:

• முதல் வேலை தண்ணீரை வடிப்பது. மண் காயும் வரை வேரில் உரம் போட வேண்டாம். புதுத் துளிர் வந்த பிறகு மக்கிய தொழு உரம் போதும்.
• வேரைக் கிளறிப் பார்க்கவும். வெளுத்து உறுதியாக இருந்தால் மரம் பிழைக்கும். கறுத்து நாறினால் அழுகல். அழுகல் தொடங்கிய நிலையில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தூரில் ஊற்றலாம். அந்த மரத்தில் இரண்டு வாரம் கீரை, காய் பறிக்க வேண்டாம். டிரைக்கோடெர்மா போடுவதானால் 15 நாள் இடைவெளி தேவை. இல்லாவிட்டால் தாமிர மருந்து அதைக் கொன்றுவிடும்.
• மழையில்லாமல் உப்புக்காற்று மட்டும் அடித்த நாட்களில், காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவவும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் கூடாது.

மார்கழிப் பனி ஈரத்தில் வெண்டை இலையில் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அகற்றவும். மாலையில் இலை நனையத் தண்ணீர் ஊற்றாமல், காலையில் தூரில் மட்டும் ஊற்றவும்.

இத்தனை செய்தும் மரம் தேறாவிட்டால், வேரும் மண்ணும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ செல்லலாம். பாலிதீனுக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு நாள் ஆள் வைத்து வடிகாலை வெட்டிவிட்டால், அடுத்த ஆண்டும் கொல்லையில் முருங்கை நிற்கும்.